தடை என்ற சொல்லே இல்லாத ஒரு தடை

இன்னைக்கு எபிசோட் முழுக்க ஒரே ஒரு வாக்கியத்தைப் பத்தித்தான். 1996-ல அமெரிக்க காங்கிரஸ் ஒரு பட்ஜெட் மசோதாவுக்குள்ள செருகின வாக்கியம். காங்கிரஸ்னா நம்ம ஊர் கட்சி இல்ல, அவங்க நாடாளுமன்றம். அந்த வாக்கியம் தமிழ்ல ஏறக்குறைய இப்படி வரும்: நோய்க் கட்டுப்பாட்டு மையத்துக்குக் காயத் தடுப்புப் பணிக்காகக் கொடுக்கப்படும் பணத்தில் எதையும், துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்காக வாதாடவோ அதை ஊக்குவிக்கவோ பயன்படுத்தக் கூடாது.

அவ்வளவுதான். கவனிச்சீங்களா, இதுல ஆராய்ச்சிங்கிற வார்த்தையே கிடையாது. "துப்பாக்கியைப் பத்தி ஆராயக் கூடாது"ன்னு யாரும் எழுதல. ஆனா அதுக்கப்புறம் 20 வருஷத்துக்கும் மேல, அமெரிக்க அரசு துப்பாக்கிச் சாவுகளைப் பத்தின ஆராய்ச்சிக்குக் கிட்டத்தட்ட பணமே கொடுக்கல. ஒரு வாக்கியம் தான் சொல்லாத ஒரு விஷயத்தை எப்படிச் சாதிச்சதுங்கிறதுதான் எனக்கு இந்தக் கதையில ரொம்ப ஆர்வமான இடம்.

முதல்ல அந்த நோய்க் கட்டுப்பாட்டு மையம். சி.டி.சி.-ன்னு சொல்வாங்க. கோவிட் நேரத்துல இந்தப் பேரை தினமும் கேட்டிருப்பீங்க. அட்லாண்டாவுல இருக்கு. நோய் மட்டும் இல்ல, விபத்து, தீக்காயம், தண்ணியில மூழ்கிச் சாகிறது, இதெல்லாமும் பொது சுகாதாரப் பிரச்சினைதான்னு சொல்லி, 1992-ல அதுக்குள்ள காயத் தடுப்புக்குன்னு தனி மையம் ஆரம்பிச்சாங்க. மார்க் ரோசன்பர்க் என்ற மருத்துவர் அதுக்குத் தலைமை ஏத்தார். இவர் பேரை ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வருவார்.

1993-ல ஒரு ஆய்வுக் கட்டுரை வந்துச்சு. ஆர்தர் கெல்லர்மன், அவசர சிகிச்சை மருத்துவர். நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல வெளியான அந்த ஆய்வுக்கு சி.டி.சி. பணம் கொடுத்திருந்துச்சு. அவர் குழு கேட்ட கேள்வி ரொம்ப சிம்பிள். வீட்டுல துப்பாக்கி வச்சிருக்கிறது பாதுகாப்பா, ஆபத்தா? டென்னஸி, வாஷிங்டன், ஒஹாயோ, இந்த மூணு மாநிலங்கள்ல ஆளுக்கொரு கவுண்டியை எடுத்தாங்க. கவுண்டின்னா நம்ம மாவட்டம் மாதிரி. சொந்த வீட்டுலயே கொலையானவங்களை எடுத்து, அதே அக்கம்பக்கத்துல வாழுற, அதே பாலினம், இனம், ஏறக்குறைய அதே வயசுள்ள இன்னொருத்தரோட ஒப்பிட்டாங்க. இப்படி 388 ஜோடிகள். போதைப்பொருள், குடும்பச் சண்டை, இதையெல்லாம் கணக்குல எடுத்துக்கிட்ட பிறகும், துப்பாக்கி இருக்கிற வீட்டுல கொலை நடக்கிற அபாயம் 2.7 மடங்கு அதிகம்னு முடிவு வந்துச்சு. கொன்னவங்க பெரும்பாலும் திருடங்க இல்ல. குடும்பத்து ஆளுங்க, தெரிஞ்சவங்க.

அமெரிக்காவுல துப்பாக்கி விக்கிறதே "உன் குடும்பத்தை நீ காப்பாத்து"ங்கிற வாக்கியத்தை வச்சுத்தான். அந்த வாக்கியத்தோட அடிமடியிலயே இந்த ஆய்வு கை வச்சுது.

இங்க ஒரு விஷயத்தை நேர்மையா சொல்லணும். இந்த ஆய்வு மேல நியாயமான விமர்சனமும் இருக்கு. ஏற்கெனவே ஆபத்துல இருக்கிறவங்கதான் துப்பாக்கி வாங்குவாங்க, அப்போ ஆபத்துனால துப்பாக்கி வந்துச்சா, துப்பாக்கினால ஆபத்து வந்துச்சான்னு எப்படிப் பிரிப்பீங்கன்னு கேட்டாங்க. நல்ல கேள்வி. அறிவியல்ல இப்படி ஒரு கேள்வி வந்தா வழக்கமா என்ன நடக்கும்? இன்னும் பெருசா, இன்னும் கவனமா அடுத்த ஆய்வு நடக்கும். இங்க நடந்தது வேற. விமர்சனம் பண்ணவங்க அடுத்த ஆய்வு வரவே கூடாதுங்கிற இடத்துக்குப் போயிட்டாங்க.

என்.ஆர்.ஏ., அதாவது நேஷனல் ரைபிள் அசோசியேஷன், அந்தக் காயத் தடுப்பு மையத்தையே இழுத்து மூடணும்னு பிரசாரம் பண்ணுச்சு. சி.டி.சி. அறிவியல்ங்கிற பேர்ல அரசியல் பண்ணுதுங்கிறது அவங்க வாதம். ரோசன்பர்க் ஒரு பேட்டியில துப்பாக்கியை சிகரெட்டோட ஒப்பிட்டுப் பேசியிருந்தார், அது அவங்களுக்கு வசமா மாட்டுச்சு. மையத்தை மூட முடியல. ஆனா அர்கன்சா மாநிலத்து ரிபப்ளிகன் உறுப்பினர் ஜே டிக்கி மூலமா அந்த வாக்கியம் சட்டத்துக்குள்ள போயிடுச்சு. டிக்கி திருத்தம்னு பேரே அவர் பேர்ல வந்துச்சு. 1996 செப்டம்பர்ல அந்த மொத்த மசோதாவுல கையெழுத்துப் போட்டவர் பில் கிளிண்டன், டெமாக்ரட் கட்சி ஜனாதிபதி. சும்மா தகவலுக்குச் சொல்றேன்.

வாக்கியத்தோட ஒரு எண்ணும் வந்துச்சு. சி.டி.சி. அதுக்கு முந்தின வருஷம் துப்பாக்கிக் காய ஆராய்ச்சிக்குச் செலவழிச்சது 26 லட்சம் டாலர். காங்கிரஸ் அவங்க பட்ஜெட்ல கை வச்சது எவ்வளவுன்னு நினைக்கிறீங்க? சரியா 26 லட்சம் டாலர். ஒரு டாலர் கூட இல்ல, குறைவும் இல்ல. பிறகு அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தாங்க, ஆனா தலைக்காயம் பத்தின வேலைக்கு மட்டும்தான் செலவழிக்கணும்னு நிபந்தனை போட்டுக் கொடுத்தாங்க.

ஒரு ஆபீஸ்ல வேலை பார்க்கிறவங்களுக்கு இது உடனே புரியும். மேனேஜர் உங்க புராஜெக்ட்டைத் தடை பண்ணல. "எதுவா இருந்தாலும் பாத்துப் பண்ணுங்க"ன்னு மட்டும் சொல்லிட்டு, அந்த புராஜெக்ட்டோட பட்ஜெட்டை அப்படியே எடுத்து வேற டீமுக்குக் கொடுத்துட்டார். நீங்க அந்த புராஜெக்ட்டை மறுபடி தொடுவீங்களா?

சி.டி.சி. தொடல. ஊக்குவிக்கிறதுன்னா என்னங்கிறதுக்கு வாக்கியத்துல விளக்கம் இல்ல. "துப்பாக்கி இருக்கிற வீட்டுல ஆபத்து அதிகம்"னு ஒரு ஆய்வு கண்டுபிடிச்சா, அது கண்டுபிடிப்பா, பிரசாரமா? யாருக்கும் தெரியாது. தப்பாப் போனா மொத்த மையத்துக்கும் பணம் நின்னுடும், விபத்து, தீக்காய வேலை எல்லாம் சேர்ந்து. அதனால அதிகாரிங்க எல்லையில இருந்து பத்தடி தள்ளியே நின்னாங்க. 2011-ல நியூயார்க் டைம்ஸ்ல ஒரு செய்தி வந்துச்சு. சி.டி.சி. பணத்துல நடக்கிற ஆய்வு எதுலயாவது துப்பாக்கி வந்தா, அது வெளியாகிறதுக்கு முன்னாடியே ஆய்வாளர்கள் தகவல் சொல்லணும், சி.டி.சி. அதை மரியாதைக்காக என்.ஆர்.ஏ.-வுக்கும் சொல்லிடும்னு. இதை ஒத்துக்கிட்டது சி.டி.சி.-யோட செய்தித் தொடர்பாளரே.

ஆய்வாளர்கள் பக்கத்தைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. பிஎச்.டி. முடிச்சுட்டு, எந்தத் துறைக்குப் போகலாம்னு பார்க்கிற 28 வயசு ஆள். புற்றுநோய்க்கு ஃபண்டிங் இருக்கு. இதய நோய்க்கு இருக்கு. துப்பாக்கிக்கு இல்ல, அதோட அரசியல் வம்பு வேற. யார் போவாங்க? ஒரு தலைமுறையே வரல. இருந்த கொஞ்ச பேர்ல ஒருத்தர் கலிஃபோர்னியாவுல கேரன் வின்டமியூட், இவரும் அவசர சிகிச்சை மருத்துவர்தான். ஆராய்ச்சி நிக்கக் கூடாதுன்னு தன் சொந்தப் பணத்துல 10 லட்சம் டாலருக்கு மேல போட்டார். உலகத்துலயே பணக்கார நாட்டுல, இவ்வளவு பெரிய சாவுக் காரணத்தை ஆராய ஒரு டாக்டர் தன் சேமிப்பை எடுத்துச் செலவழிக்கிறார். இதை நான் பெருமையான கதையா சொல்ல மாட்டேன். இது அசிங்கம்.

எவ்வளவு பெரிய சாவுக் காரணம்? 2021-ல மட்டும் அமெரிக்காவுல துப்பாக்கியால இறந்தவங்க 48,830 பேர். 1 வயசுல இருந்து 19 வயசு வரைக்கும் உள்ளவங்களோட சாவுக்கு முதல் காரணமா 2020-ல துப்பாக்கி மாறிடுச்சு. அதுவரைக்கும் முதல் இடத்துல இருந்தது வாகன விபத்து. 2017-ல ஜாமா இதழ்ல ரெண்டு ஆய்வாளர்கள் ஒரு கணக்கு போட்டாங்க. 2004-ல இருந்து 2015 வரைக்கும், மற்ற சாவுக் காரணங்களுக்குக் கிடைக்கிற விகிதத்துல பார்த்தா துப்பாக்கி வன்முறை ஆராய்ச்சிக்குச் சுமார் 140 கோடி டாலர் வந்திருக்கணும். வந்தது 2.2 கோடி. அதாவது 1.6 சதவீதம்.

"அமெரிக்காவுல துப்பாக்கி அதிகம், அதனால சாவு அதிகம், இதுக்கு எதுக்குப்பா ஆராய்ச்சி?"ன்னு நீங்க கேட்கலாம். இதை என் நண்பர்களே கேட்டிருக்காங்க. அதுக்கு வாகன விபத்துதான் பதில்.

1960-கள்ல அமெரிக்காவுல கார்கள் பத்து கோடி மைல் ஓடினா அஞ்சு பேருக்கு மேல செத்தாங்க. அம்பது வருஷத்துல அது ஒண்ணு சொச்சமா குறைஞ்சது. காரைத் தடை பண்ணியா? இல்ல. 1975-ல இருந்து, சாலையில நடக்கிற ஒவ்வொரு உயிரிழப்பு விபத்தையும் ஒரே டேட்டாபேஸ்ல பதிவு பண்றாங்க. எந்த நேரம், எந்த வகை ரோடு, பெல்ட் போட்டிருந்தாங்களா, குடிச்சிருந்தாங்களா. அதை வச்சு பெல்ட், ஏர்பேக், நொறுங்கி அதிர்ச்சியைத் தாங்குற முன்பக்கம், நடுவுல தடுப்புச் சுவர், குடிச்சுட்டு ஓட்டுறதுக்குத் தண்டனைன்னு ஒவ்வொண்ணா வந்துச்சு. ஒவ்வொண்ணும் வேலை செய்யுதா இல்லையான்னும் அதே டேட்டாவுல பார்த்தாங்க.

துப்பாக்கிக்கு இந்த மாதிரி ஒரு பதிவு, வன்முறைச் சாவுகளுக்கான தேசியப் பதிவேடு, 2000-கள் ஆரம்பத்துல வெறும் ஆறு மாநிலங்களோட தொடங்குச்சு. ஐம்பது மாநிலங்களுக்கும் அது போய்ச் சேர்ந்தது 2018-ல. எண்ணுறதுக்கே இவ்வளவு காலம்.

இன்னொரு விஷயம், நம்ம மண்டையில இருக்கிற அமெரிக்கத் துப்பாக்கிக் காட்சி பள்ளிக்கூடத்துல நடக்கிற சூடு. செய்தியில வர்றது அதுதான். ஆனா அந்த 48,830 பேர்ல பாதிக்கு மேல தற்கொலை. இது எனக்கு முதல்ல தெரிஞ்சப்போ ரொம்ப நேரம் வேற எதுவும் ஓடல. இங்க ஆராய்ச்சியோட தேவை இன்னும் கூர்மையாகுது. ஏன்னா "சாக முடிவெடுத்தவங்க எப்படியும் செத்துடுவாங்க"ங்கிற நம்பிக்கை எல்லா ஊர்லயும் இருக்கு, அது தப்புன்னு ஆய்வுகள்தான் காட்டுச்சு. முயற்சி பண்ணிப் பிழைச்சவங்கள்ல பெரும்பாலானவங்க பிறகு தற்கொலையால சாகிறதில்ல. அந்தக் கொஞ்ச நேரத்துல கைக்கு எது எட்டுதுங்கிறதுதான் உயிரை முடிவு பண்ணுது.

இதுக்கு உலகம் முழுக்கக் காட்டுற உதாரணம் நமக்குப் பக்கத்துல, இலங்கையில இருக்கு. அங்க பிரச்சினை துப்பாக்கி இல்ல, பூச்சி மருந்து. 1995-ல அங்க தற்கொலை லட்சத்துக்கு 57. எந்த மருந்து குடிச்சவங்க பிழைக்கிறதே இல்லன்னு ஆஸ்பத்திரிப் பதிவுகளை வச்சுப் பார்த்து, ரொம்பக் கொடிய வகைகளை மட்டும் படிப்படியாத் தடை பண்ணாங்க. 2015-ல அது லட்சத்துக்கு 17. விவசாயத்துல விளைச்சல் இதனால குறையலன்னும் ஆய்வு பண்ணிப் பார்த்தாங்க. யாரோட மனசும் ஒரே ராத்திரியில மாறல. எந்தப் பொருள், எவ்வளவு ஆபத்துங்கிற கேள்விக்கு அளந்து பதில் தேடினாங்க, அவ்வளவுதான். அந்தக் கேள்வியைத் துப்பாக்கி விஷயத்துல கேட்கத்தான் அமெரிக்காவுல பணம் இல்லாமப் போச்சு. (இந்தப் பகுதி உங்களுக்குக் கனமா இருந்தா, 14416, டெலி மானஸ், தமிழ்லயும் பேசலாம்.)

சரி, திரும்ப வாக்கியத்துக்கு வர்றேன். 2009-ல பிலடெல்ஃபியாவுல ஒரு ஆய்வு வந்துச்சு. கையில துப்பாக்கி வச்சிருந்தவங்க தாக்குதல்ல சுடப்படுற வாய்ப்பு, இல்லாதவங்களை விட 4 மடங்குக்கு மேலன்னு. இதுக்குப் பணம் கொடுத்தது சி.டி.சி. இல்ல, என்.ஐ.எச்., அதாவது தேசிய சுகாதார நிறுவனங்கள். என்ன நடந்திருக்கும்னு நீங்களே ஊகிச்சிருப்பீங்க. 2011 முடியுறதுக்குள்ள அதே வாக்கியம் என்.ஐ.எச்.-க்கும் நீண்டுடுச்சு.

2012 டிசம்பர்ல சாண்டி ஹூக் பள்ளியில 20 குழந்தைகளும் 6 பெரியவங்களும் கொல்லப்பட்டாங்க. அடுத்த மாசமே ஒபாமா, சி.டி.சி. ஆராய்ச்சி பண்ணலாம், வாக்கியம் அதைத் தடுக்கலன்னு உத்தரவு போட்டு, காங்கிரஸ்கிட்ட 1 கோடி டாலர் கேட்டார். கிடைக்கல. 2015 டிசம்பர் 2-ம் தேதி, ஆராய்ச்சிக்கு இருக்கிற தடையை நீக்குங்கன்னு 2,000-க்கும் மேற்பட்ட மருத்துவர்கள் கையெழுத்துப் போட்ட மனுவை வாஷிங்டன்ல கொடுத்தாங்க. அதே நாள், சில மணி நேரத்துல, கலிஃபோர்னியா சான் பெர்னார்டினோவுல 14 பேர் சுட்டுக் கொல்லப்பட்டாங்க.

இப்போ ஜே டிக்கி. கதையில எனக்குப் பிடிச்ச திருப்பம் இவர்தான். தன்னை என்.ஆர்.ஏ.-வோட ஆள்னு அவரே சொல்லிக்கிட்டவர். ரோசன்பர்க்கும் இவரும் காங்கிரஸ்ல நேருக்கு நேர் மோதினவங்க. ஆனா பிறகு பேச ஆரம்பிச்சு, பிள்ளைங்க குடும்பம்னு பேச்சு போய், நெருங்கின நண்பர்கள் ஆயிட்டாங்க. 2012 ஜூலையில, கொலராடோ அரோரா தியேட்டர் துப்பாக்கிச் சூடு நடந்து ஒரு வாரத்துல, ரெண்டு பேரும் சேர்ந்து வாஷிங்டன் போஸ்ட்ல கட்டுரை எழுதினாங்க. சாலைப் பாதுகாப்பு ஆராய்ச்சிக்கு நாடு வருஷத்துக்குச் சுமார் 24 கோடி டாலர் செலவழிக்குது, துப்பாக்கிக் காயத்துக்கு அரசுப் பணத்துல கிட்டத்தட்ட எதுவுமே இல்ல, ஆராய்ச்சி நடக்கணும்னு. டிக்கி பிறகு பேட்டிகள்ல, தான் ஆராய்ச்சியையே நிறுத்த நினைக்கலன்னு வருத்தப்பட்டுப் பேசினார். நெடுஞ்சாலை நடுவுல இருக்கிற தடுப்பைத்தான் அவர் உதாரணம் காட்டுவார். காரைத் தொடாமலே நேருக்கு நேர் மோதலைக் குறைச்சோமே, துப்பாக்கிக்கும் அப்படி ஏதாவது கண்டுபிடிக்கலாமேன்னு. துப்பாக்கி உரிமையை அவர் கடைசி வரைக்கும் விட்டுக் கொடுக்கல. 2017-ல இறந்துட்டார்.

அவர் வருத்தப்பட்டதை நான் மதிக்கிறேன். ஆனா அவர் பதவியில இல்லாதப்போ வருத்தப்பட்டார். பதவியில இருந்தவங்க 2012-ல இருந்து இன்னும் ஆறு வருஷம் எடுத்துக்கிட்டாங்க. ஃபுளோரிடா பார்க்லேண்ட் பள்ளியில 17 பேர் இறந்த பிறகு, 2018 மார்ச்சுல, ஆராய்ச்சி பண்ண சி.டி.சி.-க்கு அதிகாரம் உண்டுன்னு ஒரு விளக்கம் சேர்த்தாங்க. பணம் சேர்க்கல. பணம் வந்தது 2019 டிசம்பர்ல. சி.டி.சி.-க்கும் என்.ஐ.எச்.-க்கும் சரிபாதியா, மொத்தம் 2.5 கோடி டாலர்.

கொடுத்தா என்ன தெரிய வரும்? தனியார் பணத்துல நடந்த வேலையில இருந்தே கொஞ்சம் தெரியும். ராண்ட் நிறுவனம் இருக்கிற ஆய்வுகளையெல்லாம் 2018-ல தொகுத்துப் பார்த்துச்சு. நிறைய சட்டங்களுக்கு, வேலை செய்யுதா இல்லையான்னு சொல்லப் போதுமான ஆதாரமே இல்லன்னு வந்துச்சு. துப்பாக்கியை ஆதரிக்கிறவங்க சொல்றதுக்கும் ஆதாரம் இல்ல, எதிர்க்கிறவங்க சொல்றதுக்கும் பல இடத்துல இல்ல. உறுதியா நின்ன ஒண்ணு, குழந்தைங்க கைக்கு எட்டாம துப்பாக்கியைப் பூட்டி வைக்கணும்ங்கிற சட்டம். அது சிறுவர்களோட தற்கொலையையும், தெரியாம வெடிச்சு ஏற்படுற காயங்களையும் குறைக்குது. இதுல யாரோட துப்பாக்கியையும் யாரும் பிடுங்கல பாருங்க.

2025 வரைக்கும் வந்துட்டா, அந்த வருஷம் ஏப்ரல்ல அமெரிக்க சுகாதாரத் துறையில பெரிய ஆட்குறைப்பு நடந்துச்சு. காயத் தடுப்பு மையத்துல வன்முறையைப் பத்தி வேலை பார்த்த பலர் போனாங்க. காயங்கள், சாவுகள் எண்ணிக்கையைப் பொதுமக்கள் தேடிப் பார்க்கிற டேட்டாபேஸை நடத்தின குழுவும் போச்சு. இந்தத் தடவை எந்த வாக்கியத்தையும் யாரும் எழுத வேண்டிய தேவை வரல. நான் இந்த எபிசோட்ல சொன்ன அந்த 48,830-ங்கிற எண்ணிக்கை சி.டி.சி. எண்ணி வச்சதுதான்.

1996-ல எழுதின வாக்கியமும் நீக்கப்படல. பணம் கொடுத்த அதே பட்ஜெட் சட்டங்களுக்குள்ள, அதுவும் வருஷா வருஷம் திரும்ப வந்துக்கிட்டேதான் இருந்துச்சு.